ஆரஞ்சு மாத்திரையும் ஆர்.என்.ஏ.வும்

மும்பையின் மான்குர்த், கோவண்டி பக்கம் டிபி சிகிச்சை தொடங்கிய மறுநாள் காலையில் பலர் பதறிப்போகிறார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. சிலருக்கு வியர்வை பட்ட பனியனில் கறை படிகிறது. கண்ணீர்கூட நிறம் மாறும். ரத்தம் போகிறதோ என்று பயந்து மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அதனால்தான் அனுபவப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் முதல் நாளே சொல்லி அனுப்புகிறார்கள்: "பயப்படாதீங்க, அது மருந்தோட கலர்."

அந்தக் கலர் ரிஃபாம்பிசினுடையது. ஐசோனியாசிட், பைரசினமைடு, எத்தாம்புட்டால் ஆகிய மூன்றோடு சேர்த்து ஒரே மாத்திரையாக இதைக் கொடுத்தாலும், கூட்டணித் தலைவர் ரிஃபாம்பிசின்தான். ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று இழுத்துக்கொண்டிருந்த டிபி சிகிச்சை ஆறு மாதத்துக்குள் வந்ததில் பெரும்பங்கு இதற்கும் பைரசினமைடுக்கும் உண்டு. ரிஃபாம்பிசின் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. டிபி கிருமியை ஆர்.என்.ஏ. உண்டாக்க விடாது.

ஆர்.என்.ஏ. என்ற பெயரைக் கொரோனா வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தது. மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை, செய்தியில் அடிபட்ட எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி. அலை ஓய்ந்ததும் பெயரும் மறந்துபோனது. ஆனால் மருந்து உலகத்தில் ஆர்.என்.ஏ. அதற்கு வெகுகாலம் முன்பே முக்கியப் புள்ளி. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அவர்கள் விழுங்குகிற மருந்துகளில் பாதிக் கதை ஆர்.என்.ஏ.வின் கதைதான். அதைச் சொல்ல மான்குர்த்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம்.

ஹார்பர் லைனில் வாஷி பாலத்துக்கு முன்னால், மும்பையின் கடைசி நிலையம் மான்குர்த். மாநகராட்சிக் கணக்கில் எம்-கிழக்கு வார்டு. 2009-ஆம் ஆண்டின் மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் எல்லா வார்டுகளுக்கும் கடைசியில் இருந்தது இதுதான். நகரத்தின் குப்பை 1927 முதல் கொட்டப்படுகிற தேவ்னார் மேடு இங்கே இருக்கிறது. ரயில் பாதைக்கும் சாலைக்கும் மேம்பாலத்துக்கும் இடம் விட்டுக்கொடுத்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த அடுக்குமாடிகளும் இங்கேதான். தமிழர்களுக்கு இந்த மூலையில் பழைய கணக்கு ஒன்று உண்டு. மான்குர்த்தில் இருந்த ஜனதா காலனியை அணு ஆராய்ச்சி மையத்துக்காக 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில் காலி செய்தார்கள். அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜாக்கின் அற்புதம். பின்னாளில் பத்மஸ்ரீ பெற்றவர், 2018-ல் காலமானார். சுமார் 70,000 பேர் கடற்கழி ஓரத்துச் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். இன்றும் அங்கே சந்துக்குச் சந்து தமிழ் கேட்கும்.

இந்த வார்டின் மூன்று மறுவாழ்வுக் குடியிருப்புகளை 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பும் ஐஐடி பம்பாய் ஆய்வாளர்களும் வீடு வீடாக ஆராய்ந்தார்கள். மான்குர்த்தின் லல்லுபாய் காம்பவுண்டு, கோவண்டியின் நட்வர் பாரேக் காம்பவுண்டு, பிஎம்ஜி காலனி ஆகியவை அவை. முதல் இரண்டு இடங்களில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் மூன்று மீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி. வெயிலும் காற்றும் கீழ்த்தளங்களுக்கு எட்டுவதில்லை. இடைவெளி அதிகமுள்ள பிஎம்ஜி காலனியோடு ஒப்பிட்டால் அந்த இரண்டிலும் காசநோய் மிக அதிகம். அதிலும் கீழ்த்தளங்களில் இருப்பவர்களுக்கு மேல்தளத்தாரைவிட அதிகம். கிருமி எந்த வீட்டுக் கதவைத் தட்டும் என்பதைக் கட்டட வரைபடம் முடிவு செய்கிறது. கதவு திறந்து நுரையீரலுக்குள் வந்துவிட்ட பிறகு நடப்பது வேறு சண்டை.

ஒரு டிபி கிருமியிடம் சுமார் 44 லட்சம் எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. இருக்கிறது. அதில் ஏறக்குறைய 4,000 மரபணுக்கள். உணவைச் செரிக்க, சுவர் கட்ட, நம் உடலின் காவல் செல்களை ஏய்க்க, எல்லாவற்றுக்கும் குறிப்பு அதில் உண்டு. ஆனால் டி.என்.ஏ. தானாக எதையும் செய்யாது. தேவைப்பட்ட குறிப்பு மட்டும் ஆர்.என்.ஏ.வாகப் பிரதி எடுக்கப்பட்டு, அதைப் படித்துப் புரதம் செய்யப்பட வேண்டும். மாட்டுங்கா உடுப்பி ஓட்டலில் சர்வர் எழுதிச் சமையலறைக்கு அனுப்புகிற சீட்டு மாதிரி: மெனு கார்டு மேசையை விட்டு நகராது, சீட்டுதான் உள்ளே போகும், தோசை வந்ததும் சீட்டு குப்பைக்குப் போய்விடும். செல்லுக்குள் செய்தி கொண்டுபோகும் இந்த வகை ஆர்.என்.ஏ.வுக்குத்தான் எம்.ஆர்.என்.ஏ. என்று பெயர். பாக்டீரியாவில் இதன் ஆயுள் சில நிமிடங்கள்.

ஆயுள் குறைவாக இருப்பது குறைபாடு இல்லை. பழைய உத்தரவு அழிந்தால்தான் புதிய நிலைமைக்கு ஏற்பச் செல் நடந்துகொள்ள முடியும். இந்த நிலையாமைக்குக் காரணம் வேதியியலில் இருக்கிறது. ஆர்.என்.ஏ.வின் சர்க்கரைப் பகுதியில் டி.என்.ஏ.வில் இல்லாத ஓர் ஆக்சிஜன் அணு கூடுதல். அந்த ஓர் அணுவே பக்கத்துப் பிணைப்பைத் தாக்கிச் சங்கிலியை அறுத்துவிடக்கூடியது. டி.என்.ஏ.வில் 'டி' எழுத்து வருகிற இடத்தில் இதில் 'யூ' வரும். டி.என்.ஏ. இரட்டை இழை, ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. துணை இல்லாததால் தன்மேலேயே மடங்கி, கொண்டைபோல, வளையம்போலப் பல உருவங்கள் எடுக்கும். மடங்கத் தெரிந்த மூலக்கூறுக்குச் செய்தி சுமப்பதைத் தவிர வேறு வேலைகளும் செய்யத் தெரியும் என்பது 1980களில்தான் உலகத்துக்குத் தெரியவந்தது.

எம்.ஆர்.என்.ஏ. என்று ஒன்று இருப்பதே 1961-ல்தான் உறுதியானது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் அதன் எழுத்துகளை எப்படிப் படிப்பது என்ற புதிர் அவிழ்ந்தது. ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும் ஆர்.என்.ஏ.க்களைச் செயற்கையாகச் செய்து, எந்த மூன்று எழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. 1968-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மொத்தம் 64 மூவெழுத்துச் சொற்கள், 20 அமினோ அமிலங்கள். மான்குர்த்துக்காரர் நுரையீரலில் இருக்கும் கிருமிக்கும் அவருக்கும் ஒரே அகராதி.

இப்போது மாத்திரைக்கு வருவோம்.

டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் இயந்திரத்துக்கு ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்று பெயர். பல புரதத் துண்டுகள் சேர்ந்த பெரிய உருவம். அதன் நடுவில் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கோக்கப்படும் இடம். அதை ஒட்டி, எழுதப்பட்ட இழை வெளியே வரும் குறுகிய வழி. ரிஃபாம்பிசின் போய் உட்காருவது அந்த வழியில். முதல் எழுத்து சேரும், இரண்டாவது சேரும், சில சமயம் மூன்றாவதும். அதற்கு மேல் இழை நீள இடமில்லை. இரண்டு மூன்று எழுத்துத் துணுக்குகளைத் துப்பிக்கொண்டு இயந்திரம் அங்கேயே நிற்கும். 2001-ல் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பாலிமரேஸைப் படிகமாக்கிப் படம் பிடித்தபோது, மருந்து உட்கார்ந்திருக்கும் இடம் கண்ணுக்கே தெரிந்தது.

இந்த மருந்தின் மூலம் 1957-ல் பிரெஞ்சுக் கடற்கரையோரப் பைன் காட்டு மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரி. மிலானில் இருந்த லெபெட்டி ஆய்வகத்தில் அதன் சுரப்பைத் திருத்தித் திருத்தி, வாய்வழி சாப்பிடக்கூடிய ரிஃபாம்பிசினாக 1960களின் கடைசியில் கொண்டுவந்தார்கள். அதற்குப் பத்தாண்டு முன்னாலேயே சென்னை ஒரு பெரிய வேலையை முடித்துவைத்திருந்தது. 1956-ல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மறுபகுதியினரை நெரிசலான அவரவர் வீட்டிலேயும் வைத்து ஒரு வருடம் மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959-ல் வந்த முடிவு: வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், அவர்கள் வீட்டாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. லல்லுபாய் காம்பவுண்டில் இன்று ஒருவர் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடுவதற்கு வழி போட்டது இந்தச் சென்னை ஆய்வு. ஒரு வருடத்தை ஆறு மாதமாக்கும் வேலை ரிஃபாம்பிசினுக்காகக் காத்திருந்தது.

அது எப்படிச் சாத்தியமானது? டிபி கிருமி மெதுவானது. சாதாரணக் குடல் பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரியும் என்றால், இதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதிலும் ஒரு கூட்டம் அரைத்தூக்கத்தில் கிடக்கும். சுவர் கட்டாத கிருமியிடம் சுவர் கட்டுவதைத் தடுக்கும் மருந்துக்கு வேலை இல்லை. ஆனால் தூக்கத்திலிருந்து புரண்டு எழுகிற கிருமிக்கு முதல் தேவை புது ஆர்.என்.ஏ. எழுந்த கொஞ்ச நேரத்துக்குள்ளேயே ரிஃபாம்பிசின் அதைப் பிடித்துவிடுகிறது என்பது பிரிட்டிஷ் விஞ்ஞானி டெனிஸ் மிச்சிசன் தந்த விளக்கம். சிகிச்சை முடிந்த பிறகு நோய் திரும்புவது குறைந்ததற்கு இதுதான் காரணம் என்று பொதுவாக ஏற்கப்படுகிறது.

சண்டை அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிருமியின் 44 லட்சம் எழுத்துகளில் பாலிமரேஸின் ஒரு பகுதிக்கான மரபணு ஆர்.பி.ஓ.பி. அதில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சின்னத் துண்டு, மருந்து உட்காரும் இடத்தைத் தீர்மானிக்கிறது. அந்தத் துண்டில் ஒரே ஓர் எழுத்து பிசகினால் போதும். அதிகம் காணப்படும் பிசகில் 'டி-சி-ஜி' என்ற மூவெழுத்து 'டி-டி-ஜி' ஆகிறது. செரீன் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் பருமனான லியூசின் வந்து உட்காருகிறது. ரிஃபாம்பிசினுக்கு இடம் போய்விடுகிறது. ஆறு மாதச் சிகிச்சை பலிக்காது.

இப்படிப் பிசகிய கிருமி தற்செயலாகப் பத்துக் கோடியில் ஒன்று தோன்றலாம். நுரையீரலில் ஓட்டை விழுந்த ஒரு நோயாளியிடம் அதைவிட அதிகக் கிருமிகள் இருக்கக்கூடும். அதனால்தான் ஒரே மருந்தைக் கொடுப்பதில்லை. இரண்டு மருந்துகளை ஒருசேர எதிர்க்கும் கிருமி தானாகப் பிறக்க வாய்ப்பு அநேகமாகப் பூஜ்யம். ஆனால் பாதியில் நிறுத்துவது, அளவு குறைத்துச் சாப்பிடுவது, ஒரு மருந்து தீர்ந்துபோய் இன்னொன்றை மட்டும் சாப்பிடுவது எல்லாம் சேர்ந்தால் பூஜ்யம் கூடிக்கொண்டே போகும். தெருமுனை டாக்டர் மனம்போல எழுதிக்கொடுத்த கலவைகளுக்கும் மும்பையின் இந்தக் கதையில் பெரும்பங்கு உண்டு. பிறகு அந்தக் கிருமி மூன்று மீட்டர் இடைவெளியில் அடுத்த வீட்டுக்குப் போகும்போது, மருந்தை ஒரு நாளும் தவறவிடாத ஆளுக்கும் அதே எதிர்ப்போடுதான் போய்ச் சேரும். நோயாளியைக் குற்றவாளியாக்கும் பேச்சு இந்த இடத்தில் செல்லாது.

2011 டிசம்பரில் மும்பை ஹிந்துஜா மருத்துவமனையின் ஜரீர் உத்வாடியாவும் சகாக்களும், சோதித்த எந்த மருந்துக்கும் அடங்காத காசநோயோடு நான்கு பேர் வந்திருப்பதாக எழுதினார்கள். 'முழு எதிர்ப்பு' என்ற பெயரை அரசும் ஏற்கவில்லை, உலக சுகாதார நிறுவனமும் ஏற்கவில்லை. பெயரைப் பற்றிய சண்டை எப்படியோ போகட்டும். மும்பையின் நிலைமை உலகத்துக்குத் தெரிந்துபோனது.

எதிர்ப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் சளியைக் கிருமி வளர்ப்புக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது அரசு மையங்களில் 'சீபிநாட்' என்று சொல்கிற பரிசோதனை இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. உலக சுகாதார நிறுவனம் இதை 2010 டிசம்பரில் ஏற்றது. சளியில் திரவம் கலந்து கால் மணி நேரம் வைத்து, உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் கார்ட்ரிஜ்ஜில் ஊற்றி மூடி, இயந்திரத்தில் செருகினால் போதும். உள்ளே அது தேடுவது நாம் மேலே பார்த்த 81 எழுத்துகளையே. ஐந்து ஒளிரும் துண்டுகள் அந்த 81 எழுத்துகளையும் பங்கிட்டுக்கொண்டு போய் ஒட்டும். ஐந்தும் ஒட்டினால் கிருமி மருந்துக்கு அடங்கும். ஒன்று ஒட்டாவிட்டாலும் அந்த இடத்தில் எழுத்து பிசகியிருக்கிறது என்று பொருள். ஆர்.என்.ஏ. எழுதும் இயந்திரம் பழைய இயந்திரம்தானா, மாறிப்போனதா என்று கேட்கும் கேள்வி இது. கோவாவின் மோல்பயோ நிறுவனம் உருவாக்கிய ட்ரூநாட்டும் இதே கேள்வியை பேட்டரியில் ஓடும் சின்னக் கருவியை வைத்துக் கேட்கிறது. ஏசி அறை வேண்டாம் என்பதால் சிறிய சுகாதார நிலையங்களுக்கும் அது தோதானது.

ரிஃபாம்பிசின் கைவிட்டால் அடுத்த மருந்துகள் வேறோர் ஆர்.என்.ஏ.வைக் குறிவைக்கின்றன. எம்.ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் செய்யும் இடம் ரைபோசோம். செல்லில் இருக்கும் ஆர்.என்.ஏ.வில் ஐந்தில் நான்கு பங்கு இங்கேதான் முடங்கிக் கிடக்கிறது. ஆர்.ஆர்.என்.ஏ. என்ற இந்த வகை, செய்தி எதையும் சுமப்பதில்லை. பாக்டீரியா ரைபோசோமின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு இதுவே. இதைச் சுற்றித்தான் புரதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அமினோ அமிலங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, மூவெழுத்தோடு பொருத்திச் சேர்ப்பது டி.ஆர்.என்.ஏ. என்ற இன்னொரு சிறிய ஆர்.என்.ஏ. ஆக, புரதம் செய்யும் தொழிலில் உத்தரவு, ஆலை, சுமைதூக்கி மூன்றும் ஆர்.என்.ஏ.தான்.

அந்த ஆலையின் சிறிய பாதியை அணு அணுவாக வரைந்து காட்டியவர்களில் முதன்மையானவர் 1952-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். பரோடாவில் வளர்ந்து, இயற்பியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, பிறகு உயிரியலுக்குத் தாவியவர். கேம்பிரிட்ஜில் அவர் குழு 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட படத்தில் 1,500-க்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.ஆர்.என்.ஏ. இழை மடிந்து மடிந்து, ஏறக்குறைய 20 புரதங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஸ்ட்ரெப்டோமைசின் உள்ளிட்ட மருந்துகள் அந்த இழையின் எந்த வளைவில் போய் உட்காருகின்றன என்பதையும் அவர்கள் காட்டினார்கள். 1943-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின்தான் காசநோய்க்குக் கிடைத்த முதல் நல்ல மருந்து. அது கிருமியை எப்படிக் கொல்கிறது என்று கண்ணால் பார்க்க 57 வருடம் ஆனது. தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடு 2009-ல் வேதியியல் நோபல் ராமகிருஷ்ணனுக்கு வந்தது.

ஸ்டைட்ஸ் குழு வரைந்த பெரிய பாதியில் இன்னோர் அதிசயம். அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புரதமே இல்லை. வெறும் ஆர்.என்.ஏ. தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் ஆர்.என்.ஏ. நொதியாகவும் வேலை செய்யும் என்று காட்டி 1989-ல் நோபல் பெற்றது இதற்கு முன்னோட்டம். உலகத்தில் முதலில் தோன்றியது ஆர்.என்.ஏ.தான், டி.என்.ஏ.வும் புரதமும் பிறகு வந்தவை என்று பல விஞ்ஞானிகள் நினைப்பதற்கு இது பெரிய ஆதாரம்.

டிபி கிருமியிடம் ஒரு விநோதமான பலவீனம். குடல் பாக்டீரியா ஈகோலையிடம் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுத் தொகுதிகள் ஏழு. ஒன்று பிசகினாலும் மீதி ஆறு மருந்துக்கு அடங்கும். டிபி கிருமியிடம் ஒரே ஒரு தொகுதி. அதனால் அமிகாசின் ஊசிக்கு எதிர்ப்பு வர அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே போதும். கிருமியின் பலவீனம் இந்த இடத்தில் நமக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

இந்த மருந்துகளுக்கு நம் பக்கத்திலும் விலை உண்டு. நம் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்தது. அதனிடம் அதன் சொந்த ரைபோசோம் இருக்கிறது. அமிகாசின், கானமைசின் ஊசிகள் போட்டுக்கொண்ட பலருக்குக் காது மந்தமாகிறது. சிலருக்குக் கேட்பதே நின்றுவிடுகிறது. தாய்வழியில் வரும் ஒரு மைட்டோகாண்ட்ரியா எழுத்துமாற்றம் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. அந்த மாற்றம் நம் ஆர்.ஆர்.என்.ஏ.வைப் பாக்டீரியாவினுடையதுபோல ஆக்கிவிடுவதுதான் காரணம். கானமைசினைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது. இப்போது எதிர்ப்புள்ள காசநோய்க்கு முழுக்க மாத்திரைகள்தான். இந்தியா 2024 செப்டம்பரில் ஏற்றுக்கொண்ட நான்கு மருந்து முறையில் சிகிச்சை ஆறு மாதம். முன்பு ஒன்றரை வருடத்துக்கு மேல். அதில் ஒன்றான லினசோலிட் ரைபோசோமின் பெரிய பாதி ஆர்.என்.ஏ.வில் போய் ஒட்டுகிறது. பாதம் மரத்துப்போவது, ரத்தசோகை, பார்வை மங்குவது என்று அதன் தொல்லைகளும் நம் மைட்டோகாண்ட்ரியா வழியாக வருபவையே. பாதத்தில் ஊசி குத்துவதுபோல இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளக் கூடாது.

கிருமியும் ஆர்.என்.ஏ.வை வைத்து விளையாடத் தெரிந்ததுதான். புரதம் செய்யாமல், மற்ற எம்.ஆர்.என்.ஏ.க்களின் மேல் போய் ஒட்டி அவற்றை முடக்கும் குட்டி ஆர்.என்.ஏ.க்கள் அதனிடம் உண்டு. எம்.ஆர்.எஸ்.ஐ. என்று 2018-ல் விவரிக்கப்பட்ட ஒன்று இதற்கு நல்ல உதாரணம். நம் காவல் செல் கிருமியை விழுங்கியதும் அதற்கு இரும்புச்சத்து கிடைக்காதபடி பட்டினி போடும். பட்டினி முழுதாகத் தொடங்குவதற்கு முன்பே, வேறு நெருக்கடிகளின் வாசனையிலேயே இந்தக் குட்டி ஆர்.என்.ஏ. தலைதூக்கி, இரும்பைச் சேமிக்கும் புரதத்தின் உற்பத்தியை நிறுத்திவைக்கிறது. இருக்கிற இரும்பு அவசியத் தேவைக்கு மிஞ்சுகிறது. மனித செல்லிலும் இதே பாணியில் சுமார் 22 எழுத்து நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் புழுவில் இதை 1993-ல் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-ல் நோபல் கிடைத்தது.

ரிஃபாம்பிசின் நம் ஆர்.என்.ஏ. பாலிமரேஸைத் தொடுவதில்லை. தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் ஐரோப்பாவின் ஒரு நச்சுக் காளான். மனித ஆர்.என்.ஏ. பாலிமரேஸைக் கட்டிப்போடும் நஞ்சு அதில் இருக்கிறது. சாப்பிட்டவர் சில நாளில் கல்லீரல் செயலிழந்து போகலாம். ஆர்.என்.ஏ. எழுதுவது நின்ற செல்லுக்கு அவ்வளவுதான் ஆயுள்.

ஆனால் ரிஃபாம்பிசின் நம்மிடம் எதிர்த்திசையில் ஒரு காரியம் செய்கிறது. இதை மான்குர்த்தின் பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கிருமியில் ஆர்.என்.ஏ.வை நிறுத்தும் அதே மருந்து, நம் கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளுக்கான ஆர்.என்.ஏ.வை அதிகமாக எழுத வைக்கிறது. விளைவு, கூடச் சாப்பிடும் பல மருந்துகள் சீக்கிரமே உடைந்துபோகின்றன. கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம். காப்பர்-டி, ஆணுறை போன்ற வேறு வழிகள் வேண்டும். எச்.ஐ.வி.க்கான டோலுடெக்ராவிரை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை கொடுக்கிறார்கள். சில சர்க்கரை மாத்திரைகளின் அளவையும் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினின் அளவையும் திருத்தவேண்டிவரும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது நல்லது.

ஆர்.என்.ஏ. சீக்கிரம் அழிந்துவிடும் என்பதில் பரிசோதனைக்கும் ஒரு பயன் இருக்கிறது. சீபிநாட் தேடுவது டி.என்.ஏ.வை. கிருமி செத்துப் பல வாரம் ஆனாலும் டி.என்.ஏ. சளியில் கிடக்கும். அதனால் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க இந்த இயந்திரம் உதவாது. மைக்ராஸ்கோப்பும் கிருமி வளர்ப்பும்தான். செத்த கிருமியின் ஆர்.என்.ஏ.வோ சீக்கிரம் சிதைகிறது. உயிருள்ள கிருமி எவ்வளவு மிச்சம் என்று ஆர்.ஆர்.என்.ஏ.வை எண்ணிச் சொல்லும் பரிசோதனைகள் ஆராய்ச்சியில் இருக்கின்றன. சளி துப்பத் தெரியாத குழந்தைகளுக்காக, விரல் நுனி ரத்தத்தில் நம் மூன்று மரபணுக்களின் எம்.ஆர்.என்.ஏ. அளவை வைத்து டிபியை ஊகிக்கும் கார்ட்ரிஜ் ஒன்றும் உருவாகியிருக்கிறது.

சில வைரஸ்களுக்கு மரபுப் பொருளே ஆர்.என்.ஏ.தான். 2022 கடைசியில் இதே கோவண்டி, மான்குர்த் பக்கம் குழந்தைகளைப் பலிகொண்ட தட்டம்மை அந்த ரகம்; கொரோனாவும் அந்த ரகம். தடுப்பூசியாக எம்.ஆர்.என்.ஏ.வைப் பயன்படுத்த வழி வகுத்த கத்தலின் கரிகோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும் 2023-ல் நோபல் கிடைத்தது. புனேயின் ஜென்னோவா தயாரித்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு 2022 ஜூனில் அவசர அனுமதி வழங்கப்பட்டது. காசநோய்க்கு நம்மிடம் இன்னும் 1921-ல் வந்த பிசிஜி மட்டும்தான். ஜெர்மனியின் பயோஎன்டெக் டிபிக்கான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியை 2023 முதல் மனிதர்களிடம் சோதிக்கிறது. அது பலிக்குமா என்று சொல்லக் காலம் வரவில்லை.

அதுவரை கையில் இருப்பது மாத்திரையும் கார்ட்ரிஜ்ஜும், ஜன்னலைத் திறந்தால் வரவேண்டிய காற்றும் வெளிச்சமும். முதல் இரண்டையும் அரசு இலவசமாகத் தருகிறது. மூன்றாவதை அடுத்த மறுவாழ்வுக் கட்டடத்தின் வரைபடத்தில் கேட்டு வாங்கவேண்டும். மூன்று மீட்டர் இடைவெளிக்குக் கையெழுத்துப் போடுகிறவர்களிடம் லல்லுபாய் காம்பவுண்டு ஆய்வைக் காட்டிக் கேட்கலாம். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் பக்கத்து மாநகராட்சி மருத்துவமனையில் சளி கொடுங்கள். டிபி என்று வந்தால், ரிஃபாம்பிசின் எதிர்ப்புக்கான பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். மருந்து, பரிசோதனை, மாதந்தோறும் வங்கிக் கணக்கில் வரும் ரூ.1,000 சத்துணவுத் தொகை எதைப் பற்றிய சந்தேகமானாலும் நிக்ஷய் உதவி எண் 1800-11-6666, கட்டணம் கிடையாது.